எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

தியாகராய நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் சின்னதுதான், ஆனால் ஒரு குடும்பத்தின் வழக்கே அதில் அடங்கியிருக்கிறது.

"எனக்கு வயது நாற்பத்தொன்று. பெண்ணுக்கு வாங்கிய சைக்கிள், அவள் வெளியூர்க் கல்லூரிக்குப் போனபிறகு சும்மா நின்றது. இரண்டு மாதமாக நான் எடுத்து ஓட்டுகிறேன். தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டினால் போதும் என்கிறார் எதிர்வீட்டு மாமி. அரைமணி ஓட்டுவதெல்லாம் ஓர் ஓட்டமா, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மகாபலிபுரம் பக்கம் ஒரே மூச்சாகப் போய்விட்டு வா என்கிறார் என் கணவர். (அவர் சைக்கிள் ஓட்டுவதில்லை.) நான் யார் சொல்வதைக் கேட்பது?"

அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பதை நான் மிகவும் ரசித்தேன், அம்மா! ஆனால் தீர்ப்பு உங்கள் இருவருக்கும் பாதிப் பாதிதான். மாமி சொல்லும் சின்னச் சவாரியும் வேண்டும். கணவர் சொல்லும் பெரிய சவாரியும் வேண்டும். எது எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த அளவு தெரியாமல் நான் பட்ட அவமானத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் அக்கா பிள்ளை வந்து, "சித்தி, நாளைக்குக் காலையில் நாங்கள் முட்டுக்காடு போகிறோம். நீயும் வாயேன்!" என்றான். அதுவரை எனக்குச் சைக்கிள் என்றால் மாடவீதிக்குக் கறிகாய் வாங்கப் போவதும், லஸ் முனைக்கு மருந்து வாங்கப் போவதுந்தான். ஆனாலும் 'சித்தியால் முடியாது' என்று அவன் நினைத்துவிடக் கூடாதே! சரி என்றேன்.

மயிலாப்பூர்க் குளக்கரையிலிருந்து முட்டுக்காடு சுமார் 26 கிலோமீட்டர். போகும்போது பறந்தேன். படகுத்துறையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். திரும்பும்போது உத்தண்டி வரையில் குறை ஒன்றுமில்லை. ஈஞ்சம்பாக்கம் வந்ததும் கால்கள் என்னுடையவையாக இல்லை, கண் இருட்டியது. ஓர் இளநீர்க் கடை வாசலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அந்தப் பக்கமாக வந்த ஒரு குட்டியானை வண்டியை நிறுத்தி, காலித் தண்ணீர் கேன்களுக்கு நடுவே சைக்கிளையும் என்னையும் ஏற்றிவிட்டார்கள். வீடு வந்து சேரும்போது மணி பதினொன்றரை. அன்றைக்கென்று பார்த்து மத்தியானச் சாப்பாட்டுக்கு நாத்தனார் குடும்பம் வந்து உட்கார்ந்திருந்தது. என் மாமியார் என்னைப் பார்த்தார், தண்ணீர் கேன்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

முழங்கால் வலி மூன்று வாரத்தில் போய்விட்டது. ஆனால் சைக்கிள் வாசல் தாண்டவில்லை. எட்டு மாதம் அதன் ஹாண்டில்பாரில் ஈரத் துண்டு உலர்ந்தது. ஆயுத பூஜையன்று மட்டும் துண்டை எடுத்துவிட்டுச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். நம் ஊரில் இப்படித் துண்டு உலர்த்திக்கொண்டிருக்கும் சைக்கிள்கள் எத்தனையோ!

சகோதரிகளே, கால் வலித்தது பெரிய விஷயமில்லை. விடியற்காலையில் கதவைத் திறந்துகொண்டு, யாருக்கும் காப்பி கலக்காமல், யாரையும் துணைக்குக் கூப்பிடாமல், முக்கால் மணி நேரம் எனக்கே எனக்கென்று போய்விட்டு வரலாம் என்று ஒரு வழி திறந்திருந்தது. அளவு தெரியாத ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையால் அது மூடிப்போயிற்று. ஆகவேதான் தியாகராய நகர் வாசகியின் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

நிற்க. முதலில் உடம்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். சைக்கிள் மிதிக்கும்போது உடம்பு களைக்கிறது. மிதித்துவிட்டு ஓய்வெடுக்கும்போதுதான், களைத்த இடங்களைச் செப்பனிட்டு, முன்னைவிடச் சற்றுக் கூடுதலாகப் பலப்படுத்தி வைக்கிறது. கொத்தனார் வேலை மாதிரி. இன்று பூசியது காய்ந்தால்தான் நாளை மேலே பூசலாம். இதிலே ஒரு வேடிக்கை. இருதயமும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும். மூட்டுகளும் அவற்றைப் பிடித்திருக்கும் தசைநார்களும் பழகுவதற்கு மாதக்கணக்காகும். 'மூச்சு வாங்கவில்லையே, இன்னும் கொஞ்சம் போகலாமே!' என்று தோன்றும். அதற்கு முட்டி மறுநாள்தான் பதில் சொல்லும்.

இனி சின்னச் சவாரி. இதற்கு அளவு 30 நிமிஷத்திலிருந்து 60 நிமிஷம். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு 45 நிமிஷம் நல்ல அளவு. வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாளாக வைத்துக்கொள்ளலாம்: செவ்வாய், வியாழன், சனி. சனிக்கிழமையன்று மட்டும் மெதுவாக, உடம்பை அலட்டிக்கொள்ளாமல் ஓட்டுங்கள். மறுநாள் பெரிய சவாரி இருக்கிறது. தூரத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். எதிர்க்காற்றிலும் போக்குவரத்து நெரிசலிலும் கிலோமீட்டர் பொய் சொல்லும், நிமிஷம் சொல்லாது.

வேகம்? பக்கத்தில் ஓட்டி வருகிறவளிடம் பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். பேசவே முடியவில்லை என்றால் மெதுவாகப் போங்கள். பாட்டு வருகிறது என்றால் கொஞ்சம் அழுத்தி மிதியுங்கள்.

வழியும் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூர்க்காரர்கள் குளக்கரையில் புறப்பட்டு, கச்சேரி ரோடு, சாந்தோம் வழியாகக் கலங்கரை விளக்கம் வந்து, காமராஜர் சாலையில் நேப்பியர் பாலம் வரையில் போய்த் திரும்பலாம். சுமார் 11 கிலோமீட்டர். தியாகராய நகர்க்காரர்கள் பனகல் பார்க்கிலிருந்து வெங்கட்நாராயணா ரோடு, நந்தனம், கோட்டூர்புரம் வழியாக அடையாறு காந்தி நகரைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் சுமார் 12 கிலோமீட்டர். அடையாற்றில் இருக்கிறவர்கள் பாக்கியசாலிகள். பெசன்ட் நகர்க் கடற்கரை, திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயில் என்று சுற்றி வந்துவிடலாம். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் ஏழு மணிக்குள் வீட்டில். குக்கர் வைக்கும் நேரத்துக்கு ஒரு குறைவும் வராது.

'இந்த 45 நிமிஷத்தில் என்ன பெரிய லாபம்?' என்று கேட்கிறவர்களுக்குப் புதுக்கோட்டையை ஞாபகப்படுத்துகிறேன். 1990-களின் தொடக்கத்தில் அந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தது. கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற அம்மையார். எழுத்துக் கற்றுக்கொள்ள வந்த கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். பல்லாயிரம் பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே, முன்னால் குறுக்குக் கம்பியோடு, ஏறி உட்கார்ந்து ஓட்டினார்கள். அவர்கள் போனதெல்லாம் எங்கே? குடிதண்ணீருக்கு, சந்தைக்கு, வேலைக்கு, பிள்ளையைப் பள்ளியில் விட. எல்லாம் சின்னச் சவாரி. பஸ்ஸுக்காகவும் ஆண்பிள்ளைத் துணைக்காகவும் காத்திருந்த காலம் அதனால்தான் குறைந்தது. ஒருநாள் பிரமாதமாகப் போய்விட்டு நிறுத்தியிருந்தால் அந்த மாறுதல் வந்திருக்குமா? தினசரிச் சவாரிக்கு உள்ள மகிமை அது.

அப்படியானால் பெரிய சவாரி எதற்கு? சின்னச் சவாரி இருதயத்தையும் பழக்கத்தையும் வளர்க்கும். பெரிய சவாரி தாங்கும் சக்தியை வளர்க்கும். நெடுநேரம் மிதிக்கும்போது உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகுகிறது. இடுப்பும் தோளும் கைகளும் நீண்ட நேரம் ஆசனத்தில் இருக்கப் பழகுகின்றன. அதைவிட முக்கியம், மனசு பழகுகிறது. இதற்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் போதும்.

அளவுக்கு இரண்டு சூத்திரங்கள் சொல்கிறேன். சமையலறைக் காலண்டரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: ஆரம்பத்தில் பெரிய சவாரி, சின்னச் சவாரியைப் போல் இரண்டு பங்கு இருக்கட்டும். 45 நிமிஷம் ஓட்டுகிறவர் ஞாயிற்றுக்கிழமை 90 நிமிஷம் ஓட்டலாம். மூன்று சின்னச் சவாரி 135 நிமிஷம், பெரியது 90 நிமிஷம், ஆக வாரத்துக்கு 225 நிமிஷம். பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான தேகப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. நம் கணக்கு அதற்குள் அழகாக அடங்கிவிடுகிறது.

இரண்டு: பெரிய சவாரி எவ்வளவு வளர்ந்தாலும், வாரத்து மொத்தச் சவாரியில் பாதியைத் தாண்டக் கூடாது. அதாவது, பெரியது வளர வேண்டுமானால் சின்னதும் கொஞ்சம் வளர வேண்டும். மாடவீதிச் சவாரியை மட்டும் மூலதனமாக வைத்துக்கொண்டு முட்டுக்காடு போன எனக்கு என்ன ஆயிற்று என்றுதான் பார்த்தீர்களே!

வளர்ப்பது எப்படி? வாரத்துக்குப் பத்து நிமிஷம், அவ்வளவுதான். மூன்று வாரம் ஏற்றினால் நாலாவது வாரம் இறக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளின் கணக்கு இதோ: 90, 100, 110 நிமிஷம், நாலாவது வாரம் 75. பிறகு 115, 125, 135. எட்டாவது வாரம் 90. பிறகு 145, 155, 165. பதினோராவது வாரம் வரும்போது செவ்வாயும் வியாழனும் 60 நிமிஷமாக வளர்ந்திருக்க வேண்டும். சனிக்கிழமை 45 நிமிஷமே இருக்கட்டும். கூட்டிப் பாருங்கள், அதுவும் 165. பாதிக்குப் பாதி சரியாக இருக்கிறதல்லவா?

நம்மைப் போன்றவர்கள் மணிக்கு 15 கிலோமீட்டர் போகிறோம் என்று வைத்துக்கொண்டால், 165 நிமிஷம் என்பது சுமார் 41 கிலோமீட்டர். மயிலாப்பூரிலிருந்து உத்தண்டிப் பக்கம் போய்த் திரும்புகிற தூரம். முட்டுக்காடு போய்வர 52 கிலோமீட்டர் ஆகிறதே என்று கேட்பீர்கள். முழுத் தூரத்தையும் பயிற்சியிலேயே ஓட்டிவிட வேண்டும் என்பதில்லை. போக நினைக்கும் தூரத்தில் முக்கால் பங்கு சௌகரியமாக வந்துவிட்டால், மிச்சக் கால் பங்கைக் கால்கள் பார்த்துக்கொள்ளும். பன்னிரண்டாவது வாரம் குறைத்து ஓட்டிவிட்டுப் பதின்மூன்றாவது வாரம் முட்டுக்காடு கிளம்புங்கள். மழை ஓய்ந்து மார்கழியில் தொடங்கினால் மாசி முடிவதற்குள் இது நடந்துவிடும். கோடை வெயிலுக்கு முன் காரியம் முடிந்தது.

பெரிய சவாரிக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வெறும் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பக் கூடாது. தசையிலும் ஈரலிலும் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை, அழுத்தி மிதித்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். நான் ஈஞ்சம்பாக்கத்தில் கண் இருட்டி உட்கார்ந்ததன் ரகசியம் அதுதான். 90 நிமிஷத்துக்கு மேற்பட்ட சவாரியில் மணிக்கு ஒரு வாழைப்பழமும் ஒரு கடலை மிட்டாயும் கட்டாயம் உள்ளே போக வேண்டும். பசிக்கும்வரை காத்திருக்காதீர்கள். கால் மணிக்கு ஒருதரம் இரண்டு வாய் தண்ணீர். ஒரு புட்டியில் உப்புப் போட்ட எலுமிச்சை ரசம் இருந்தால் உத்தமம். விரத நாளில் பெரிய சவாரி வேண்டாம். மாதத்தில் அந்த மூன்று நாளும் உடம்பு இடம் கொடுத்தால் தாராளமாக ஓட்டலாம். இடம் கொடுக்கவில்லையென்றால் ஒரு சவாரி போனால் போகிறது. இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். மார்பில் வலியோ மயக்கமோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கௌரவம் பார்க்கக் கூடாது.

அப்புறம் காற்று. மார்கழியிலும் தையிலும் வாடை வீசும். தெற்கே போகிறவர்களை முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும். 'ஆகா, நமக்கு எவ்வளவு பலம்!' என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று மார்பில் கை வைத்துத் தடுக்கும். ஆகையால் தெம்பில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே வண்டியைத் திருப்பிவிடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் விடியற்காலையில்கூட அசுர வேகத்தில் வரும். தலைக்கவசம், முன்னும் பின்னும் விளக்கு, கூட இரண்டு பேர் இல்லாமல் அங்கே போகாதீர்கள். துப்பட்டாவையும் புடவைத் தலைப்பையும் சக்கரத்துக்கு எட்டாமல் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய சவாரிக்கு எல்லை உண்டா என்றால், உலகத்தில் கிடையாது. பாரிஸ் நகரத்திலிருந்து பிரெஸ்ட் என்ற துறைமுகத்துக்குப் போய்த் திரும்பும் சவாரி 1891-இல் பந்தயமாகத் தொடங்கியது. இப்போது அது பந்தயமல்ல. நாலு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் நெடுஞ்சவாரி. சுமார் 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 2023-இல் நடந்தது. அதற்குப் படிக்கட்டுகளாக 200, 300, 400, 600 கிலோமீட்டர்ச் சவாரிகள் உண்டு. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் கெடு. அப்படிப்பட்ட சவாரிகள் நம் சென்னையிலும் நடக்கின்றன, பெண்களும் போகிறார்கள். போகட்டும், அவர்களுக்கு என் நமஸ்காரம்! ஆனால் அவர்களில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். செவ்வாய், வியாழன் சவாரிகளை விட்டுவிட்டு அந்த இடத்துக்கு வந்தவர்கள் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

இவ்வளவு கணக்கும் ஞாபகத்தில் நிற்காது என்கிறீர்களா? சரி, ஒரே ஒரு சோதனை சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைச் சவாரி சரியான அளவா என்பது ஞாயிற்றுக்கிழமை தெரியாது. அன்று உற்சாகம் கண்ணை மறைக்கும். திங்கட்கிழமையும் தெரியாது, அன்று கொஞ்சம் வலிப்பது நியாயந்தான். செவ்வாய்க்கிழமை காலையில் தெரியும். விழித்ததும் சைக்கிளை எடுக்கக் கை தானாகப் போகிறதா? அப்படியானால் நீங்கள் போன தூரம் சரி. 'இன்றைக்கு வேண்டாமே' என்று மாடிப்படி இறங்கும்போதே முழங்கால் கெஞ்சுகிறதா? போன தூரம் அதிகம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கால் பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்களே! எட்டு மாதம் கழித்துத் துண்டை எடுத்துவிட்டு, 45 நிமிஷத்திலிருந்து திரும்பத் தொடங்கினேன். பதின்மூன்றாவது வாரம் அக்கா பிள்ளையோடு மறுபடி முட்டுக்காடு போனேன். காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பி, ஒன்பதேகாலுக்கு வீடு. ஈஞ்சம்பாக்கத்தில் அதே இளநீர்க் கடையில் இறங்கி, இந்தத் தடவை நின்றுகொண்டே ஓர் இளநீர் குடித்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோது மாமியார் வாசலை எட்டிப் பார்த்தார். தெருவில் வேறு வண்டி எதுவும் இல்லை.

"தண்ணீர் கேன் வரவில்லையா?" என்று கேட்டுவிட்டுக் காப்பியை என் கையில் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு நான் கடற்கரையில் இருந்தேன். எங்கள் வீட்டு வராந்தாவில் இப்போது துண்டு உலர்த்தத் தனியாக ஒரு கொடி கட்டியிருக்கிறது.

தியாகராய நகர் வாசகியே, உங்கள் கணவரையும் ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் ஒன்று: அவருக்கு முதல் வாரம் அரைமணிதான். அதற்குமேல் அவர் எவ்வளவு கெஞ்சினாலும் விடாதீர்கள்!